ராஸ்பெர்ரி பை 4-ல மின்னல் குறி, கேம் இழுக்குது: பதில்

வணக்கமுங்க. ராஸ்பெர்ரி பை 4-ங்கற சின்ன கம்ப்யூட்டர் போர்டுல, பழைய வீடியோ கேம் ஆடற ரெட்ரோபை சாஃப்ட்வேரைப் போட்டு, போன் கூட வந்த 33 வாட் சார்ஜரைச் செருகியிருக்கீங்க; பிளேஸ்டேஷன் 1 கேம் பத்து நிமிஷத்துல இழுக்குது, சத்தம் கரகரங்குது, மூலையில மஞ்சள் மின்னல் வருதுன்னு கேட்டிருந்தீங்க. எமுலேட்டரை (பழைய கேமை ஓட்டற புரோகிராம்) மறுபடி இன்ஸ்டால் பண்ண வேண்டாங்க. கோளாறு கரண்ட்டுல.

அந்த 33 வாட், போனும் சார்ஜரும் பேசி வோல்ட்டை ஏத்துனாத்தான் வரும். பைக்கு அந்தப் பேச்சு தெரியாது, வெறும் 5 வோல்ட்தான் கிடைக்கும். கேபிள் ரெசிஸ்டன்ஸ் 0.2 ஓம்னு வைங்க. 2 ஆம்பியர் இழுத்தா 0.4 வோல்ட் வழியிலயே போயிரும். மிச்சம் 4.6. போர்டு 4.63-க்குக் கீழ இறங்குனா மின்னல் காட்டும், பிராசசர் வேகத்தையும் குறைச்சுக்கும். 5.1 வோல்ட், 3 ஆம்பியர், கேபிள் அடாப்டரோடயே சேர்ந்து வர்ற சார்ஜரா வாங்குங்க. அதுவரைக்கும் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வைங்க.

மின்னல் போயும் இழுத்தா அது சூடுங்க. 80 டிகிரியில வேகம் குறையும். ஈரோட்டுச் சித்திரை வெயில்ல, தகர ஷீட் ரூம்ல, மூடுன பெட்டிக்குள்ள அந்த 80-ஐத் தொட நேரமாகாது. பிராசசர் மேல ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கற உலோகத் துண்டு) ஒட்டி, 5 வோல்ட் ஃபேனோட சிவப்பு ஒயரை போர்டு ஓரத்துப் பின் வரிசையில 4-ம் பின்னுலயும் கருப்பை 6-ம் பின்னுலயும் செருகுங்க. பிராசசர் வேகத்தை அளவுக்கு மேல ஏத்தற ஓவர்கிளாக் போட்டிருந்தா எடுத்துருங்க.

அப்புறமுங்க, சுவிட்சுல நேரா அணைக்காதீங்க. ஸ்டார்ட் மெனுவுல ஷட்டவுன் கொடுத்து, பச்சை லைட் மினுக்கறது நின்னப்புறம் அணைங்க. பாதி எழுதறப்போ கரண்ட் போனா மெமரி கார்டு கெட்டுரும்.