விண்கலத்துக்கு வடிவம் மாறும் ரேடியேட்டர் எதற்கு?

"விண்வெளியே கடுங்குளிர், அங்கே ரேடியேட்டர் எதற்கு? அது ஏன் சுருண்டு விரிய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சென்னையில் ஏசி அவுட்டோர் யூனிட் பக்கம் போனாலே அனல் அடிக்கும். அறையின் சூட்டைக் காற்று வாங்கிப்போகிறது. வெற்றிடத்தில் அந்த வசதி இல்லை. கலத்தின் கருவிகள் கக்கும் சூடு அகச்சிவப்புக் கதிராகத்தான் போயாக வேண்டும். 27 டிகிரி செல்சியஸில் உள்ள 1 சதுர மீட்டர் பலகையின் ஒரு முகம் அதிகபட்சம் சுமார் 460 வாட்தான் வீசும். அதனால் பெரிய பலகைகள் வேண்டும். அவைதான் ரேடியேட்டர்.

தலைவலி அங்கேதான் ஆரம்பம். வெயில் பட்டு, கருவிகள் முழுவீச்சில் ஓடும் நேரத்துக்குக் கணக்குப் போட்டுச் செய்த பலகை, நிழலில் வேலை குறைந்ததும் தேவைக்கு மேல் சூட்டை இழக்கும். சூட்டைப் பலகைக்குக் கொண்டுவரும் குழாயில் தண்ணீர் ஓடினால் உறைந்துவிடும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் வெளியே அம்மோனியா ஓடுவது இதனால்தான். அது சுமார் மைனஸ் 77 டிகிரியில்தான் உறையும். ஆனால் நச்சு, ஆள் இருக்கும் இடத்துக்குள் விட முடியாது. ஆகவே உள்ளே தண்ணீருக்குத் தனிச் சுற்று. எடையும் கூடுகிறது.

வடிவம் மாறும் பலகை குளிரில் குழல்போலச் சுருண்டு, கதிர்வீசும் முகத்தை உள்ளே மறைத்துக்கொள்ளும், சூடேறினால் விரியும். நிக்கல்-டைட்டானியம் போன்ற, வடிவத்தை நினைவில் வைக்கும் (சூடேறினால் பழைய வடிவத்துக்கே திரும்பும்) உலோகக் கலவைதான் பலகையை இழுக்கிறது. மோட்டார், சென்சார் எதுவும் வேண்டாம். எனக்குப் பிடித்ததே அதுதான். விரியும் வெப்பநிலையும் சுருளும் வெப்பநிலையும் ஒன்றல்ல என்பது மட்டும் வடிவமைப்பாளரைப் படுத்தும்.