ஓ.ரி. (மேலதிக நேரக் கொடுப்பனவு), நிலுவை, வெள்ளக் கடமை: சிறைக்காவலர்களுக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர்களுக்கும் பதில்கள்

வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் தரப்படுகிறது. பெயர்களை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறது.

கேள்விகளுக்குப் போகமுதல் ஒரு விசயம். சிறைச்சாலைகள் திணைக்களம் மத்திய அரசின் கீழ் இருக்கிறது. நன்னடத்தைச் சேவை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு மாகாணத்துக்கு வந்தது. ஒரே நீதிமன்ற வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேருக்கும் சம்பளம் போடுகிற இடமும் முறையிடுகிற இடமும் வேறு வேறு. இதைப் பிரித்து அறியாமல் பிழையான இடத்துக்கு எழுதிக் காலம் கடத்துகிறவர்கள் நிறையப் பேர்.

வவுனியா, சிறைக்காவலர்: ஆஸ்பத்திரி வார்ட்டில் கைதிக்குக் காவல். பின்னேரம் 6 மணிக்கு மாற்றாள் வரவேண்டும், வந்தது இரவு 10 மணிக்கு. அந்த நாலு மணித்தியாலம் ஓ.ரி.யில் விழவில்லை. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: கணக்குக் கிளை உங்கள் களைப்பைப் பார்க்காது, தாளைத்தான் பார்க்கும். மூன்று தாள்கள் ஒத்துப்போக வேண்டும்: கடமைப் பட்டியல், வார்ட்டில் பொறுப்பு மாற்றிய கையெழுத்து, சிறை வாயில் பதிவேடு. பட்டியலில் 6 மணி, வாயிலில் 10.40 என்று இருந்தால் பட்டியலைத்தான் எடுப்பார்கள்.

ஆகவே 6 மணிக்கு மாற்றாள் இல்லையென்றால் உடனே கடமையிலுள்ள ஜெயிலருக்கு அழைத்துச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னீர்கள் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். பொறுப்பு மாற்றும்போது கைதி, கைவிலங்கு, திறப்பு, மறியல் ஆணைப் பத்திரம் எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து, இரண்டு பேரும் நேரத்தோடு ஒப்பமிட வேண்டும். திரும்பி வந்ததும் “மாற்றாள் வராததால் 6 முதல் 10 வரை தொடர் கடமை” என்று பதிவு போடுவித்து, பட்டியலை அடுத்த நாளே திருத்தச் சொல்லுங்கள். மாத முடிவில் செய்கிற திருத்தத்தைக் கணக்காய்வு சந்தேகமாகப் பார்க்கும்.

“ஒதுக்கீடு முடிந்துவிட்டது” என்று சொன்னாலும் விண்ணப்பத்தைக் கொடுங்கள், திகதி முத்திரையோடு பிரதி எடுங்கள். எப்போது தருவோம் என்பதற்குத்தான் அது பதில், தரமாட்டோம் என்பதற்கல்ல. நவம்பர், டிசம்பர் ஓ.ரி. அடுத்த வருடத்துக்குத் தாண்டினால் முந்தைய வருடக் கொடுப்பனவென்று தனி அனுமதி எடுக்கவேண்டி வரும். விண்ணப்பத்தை டிசம்பரிலேயே கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லாதவர்களின் காசுதான் அங்கே நின்றுபோகிறது.

ஓமந்தை: 40,000 அடிப்படைச் சம்பளம் என்றார்கள். கையில் அவ்வளவு கூடவில்லையே அண்ணை?

பதில்: 2025 வரவு செலவுத் திட்டத்தில் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 இலிருந்து 40,000 ஆனது. வித்தியாசம் 15,750. ஆனால் ஏற்கெனவே தனியாக வந்துகொண்டிருந்த 7,500 ரூபா படிகளை அதற்குள் சேர்த்துவிட்டார்கள், ஆகவே உண்மையான கூடுதல் 8,250. அதில் 5,000 ரூபாவும், மிச்சம் 3,250 இன் 30 வீதமான 975 ரூபாவும் 2025 ஏப்ரலில் இருந்து. மீதி 2,275 இரண்டு சம பங்காக 2026 ஜனவரியிலும் 2027 ஜனவரியிலும். இது ஆகக்கீழ்ப் படிநிலைக்கான கணக்கு. உங்களுடையதை உங்கள் சம்பள அளவுத்திட்டத்தில் நீங்கள் நிற்கிற படிநிலைக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்படை கூடினால் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியக் கழிப்பும் கூடும், அதையும் மறக்காதீர்கள். 17,800 வாழ்க்கைச் செலவுப் படி ஓ.ரி. கணக்குக்குள் வராது.

புதுக்குடியிருப்பு, நன்னடத்தை உத்தியோகத்தர்: வெள்ளத்தில் இரவு அழைத்து, இடைத்தங்கல் முகாமில் தனியாக நிற்கிற பிள்ளையைப் பார்க்கச் சொன்னார்கள். வட்டுவாகல் பாலம் மூடியிருந்ததால் ஒட்டுசுட்டானால் சுற்றிப் போனேன். பிரயாணப் படியில் அந்தச் சுற்றை வெட்டிவிட்டார்கள்.

பதில்: தங்கச்சி, முன் நிகழ்ச்சித் திட்டத்தில் இல்லாத பயணம் என்பதாலும், வழமையான தூரத்தைவிடக் கூடியது என்பதாலும் வெட்டியிருப்பார்கள். இரண்டையும் சரிக்கட்டலாம். அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் நேரம் தெரிகிற மாதிரி அச்சிட்டு, அடுத்த வேலை நாளில் மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாட்குறிப்பில் புறப்பட்டபோதும் திரும்பியபோதும் எடுத்த மீற்றர் வாசிப்பு இரண்டும், “பாலம் மூடியதால் மாற்று வழி” என்ற வரியும் வேண்டும். பிரதேச செயலகத்திடமோ பொலிஸிடமோ பாதை மூடியதற்கு ஒரு வரிக் கடிதம் வாங்கினால் வெட்டுவதற்குக் காரணம் இராது. களக் கடமைக்கு ஓ.ரி. தானாக வராது, முன் அனுமதி வேண்டும். அது இல்லாத இடத்தில் போயாவிலும் ஞாயிறிலும் செய்த வேலைக்குப் பதில் விடுமுறையாவது கேளுங்கள். கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

பிள்ளையின் விசயம் காசைவிட முக்கியம். பெயர், வயது, கிராம அலுவலர் பிரிவு, யார் கூட்டிவந்தது என்பதை உடனே எழுதுங்கள். சித்தப்பா என்று சொல்லி வருகிறவரிடம் அடையாள அட்டையும் கிராம அலுவலரின் உறுதியும் இல்லாமல் ஒப்படைக்க வேண்டாம், சனம் இடம்பெயர்ந்து கலைந்து நிற்கிற நேரத்தில்தான் பிள்ளைகள் தவறிப் போகிறார்கள். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் பொலிஸ் சிறுவர் மகளிர் பிரிவுக்கும் அறிவியுங்கள், 1929 சிறுவர் உதவித் தொலைபேசிக்கும் சொல்லுங்கள். சிறுவர் இல்லத்தில் சேர்ப்பது நீதிவானின் கட்டளையோடு. நீதிமன்றம் மூடியிருந்தால் பொலிஸ் மூலம் நீதிவானின் வாசஸ்தலத்தில் ஆஜர்படுத்தலாம்.

செட்டிகுளம்: அத்தியாவசிய சேவை என்று வர்த்தமானி வந்தால் லீவில் நிற்கிற நானும் போகவேண்டுமா?

பதில்: முதலில் வர்த்தமானியில் உங்கள் சேவை பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள். 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் பிரகடனம் வந்தபின் வேலைக்கு வர மறுத்தால் நீதிவான் முன் விசாரணை. 2 முதல் 5 வருடக் கடூழியச் சிறை, அல்லது 2,000 முதல் 5,000 ரூபா தண்டம், அல்லது இரண்டும். லீவை ரத்துச் செய்து அழைத்தால் போகத்தான் வேண்டும். வெள்ளத்தால் வர முடியாமற் போனால் அது மறுப்பு ஆகாது. ஆனால் சும்மா இருந்துவிடாமல் அன்றே தொலைபேசியில் சொல்லி, குறுஞ்செய்தியும் அனுப்பி, பிறகு கிராம அலுவலரின் சான்றோடு கடிதம் கொடுங்கள். அறிவிக்காமல் நின்றால் அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையின் V ஆம் அத்தியாயப்படி பதவியை விட்டு விலகியதாகவே எடுப்பார்கள்.

வவுனியா: எங்களுக்கு ஏன் சங்கம் இல்லை?

பதில்: 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கச் சட்டம் சிறை உத்தியோகத்தரைப் பொலிஸ், படையினரோடு சேர்த்து வெளியே நிறுத்துகிறது. நன்னடத்தை உத்தியோகத்தருக்கு அந்தத் தடை இல்லை. இது நியாயமில்லை. இலங்கை 1995 இல் ஏற்றுக்கொண்ட 87ஆம் சர்வதேசத் தொழில் சமவாயம் படைக்கும் பொலிஸுக்கும் மட்டுமே விலக்குக்கு இடம் வைத்திருக்கிறது. மண்டேலா விதிகளின் (கைதிகளை நடத்துவதற்கான ஐ.நா.வின் ஆகக்குறைந்த விதிகள்) 74ஆம் விதியும் நல்ல ஆட்களை எடுத்து வைத்திருக்கப் போதுமான சம்பளம் கொடு, வேலையின் கடினத்தைப் பார்த்துச் சலுகை கொடு என்கிறது. தனித்தனியாக எழுதும் மேன்முறையீட்டில் இந்த இரண்டையும் இலக்கத்தோடு குறிப்பிடுங்கள்.

மன்னார்: சிறைக்குள் குழப்பம் வந்தால் மேலிடம் சொன்னதைச் செய்தால் போதும்தானே?

பதில்: போதாது. 2012 யூனில் வவுனியா சிறையில் காவலர்கள் பணயமாகப் பிடிபட்டார்கள். அதே வருடம் நவம்பரில் வெலிக்கடையில் 27 பேர் செத்தார்கள், 2020 நவம்பரில் மஹரவில் 11 பேர். வெலிக்கடைச் சம்பவத்துக்காக 2022 இல் ஒரு சிறை உயரதிகாரிக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மண்டேலா விதிகளின்படி தற்காப்பு, தப்பியோட்டம், சட்டப்படியான கட்டளைக்கு உடலால் தாக்கியோ அசையாமல் நின்றோ காட்டும் எதிர்ப்பு, இவற்றுக்கு மட்டுமே பலம் பாவிக்கலாம், அதுவும் தேவையான அளவுக்கு. பாவித்தவர் உடனே அத்தியட்சகருக்கு அறிவிக்க வேண்டும். யார் கட்டளையிட்டார், எத்தனை மணிக்கு, எத்தனை ரவை எடுத்தது, எத்தனை திரும்பியது என்பதை அன்றைக்கே எழுதுங்கள். அடுத்த நாள் எழுதினால் எல்லோருடைய கதையும் ஒரே மாதிரி வந்துவிடும், நீதிமன்றம் அதை நம்பாது.

மாங்குளம்: கடமையில் காயப்பட்டால்?

பதில்: பொது நிர்வாகச் சுற்றறிக்கை 22/93 இன் கீழ் நட்டஈடு கேட்கலாம். சம்பவப் பதிவு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, வைத்திய அறிக்கை மூன்றும் முதல் நாளிலிருந்தே சேர வேண்டும். சிகிச்சை நாட்களைச் சொந்த லீவில் கழிக்க விடாதீர்கள்.

நெடுங்கேணி: நிலுவை தரவே இல்லை. எங்கே போவது?

பதில்: கடமைப் பட்டியலின் பிரதி உங்களிடம் இல்லையென்றால் முதலில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். பிறகு திணைக்களத் தலைவர் ஊடாக மேன்முறையீடு: சிறை என்றால் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு, நன்னடத்தை என்றால் மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு. ஒரே தரத்தில் மற்றவருக்குக் கொடுத்து உங்களுக்கு மறுத்திருந்தால் அது அரசியலமைப்பின் 12(1) உறுப்புரைக்குள் (சட்டத்தின் முன் எல்லோரும் சமம்) வரும். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதத்தில் கழிபடாது. மறுப்புக் கடிதம் கைக்கு வந்த திகதியை உறையோடு வைத்திருங்கள், மாதம் அங்கிருந்துதான் எண்ணப்படும்.