கயோட்டிப் பொறி உறைந்து போனால் குற்றம் பொறியிலா, மண்ணிலா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஒன்ராறியோவில், லின்ட்சேக்கு வடக்கே ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறேன். எண்பது போயர் மறிகள் நிற்கின்றன. கிறிஸ்மஸ் முடிந்த கையோடு நாலு குட்டிகளைக் கயோட்டி, அதுதான் ஓநாயைவிடச் சிறிய இந்த ஊர்க் காட்டு நாய், கொண்டுபோய்விட்டது. எம்பி-550 கால்பொறி இரண்டு வைத்தேன். நேற்று விடியப் போய்ப் பார்த்தால் அதன் அடி பொறித் தட்டுக்கு நேர் மேலே பதிந்திருக்கிறது, பொறி அடிக்கவில்லை. மேலே போட்ட மண் இறுகி உறைந்துவிட்டது. கடையில் கேட்டால், "இது சின்னப் பொறி, நாலாம் நம்பர் எடுங்கோ, மண்ணில உப்பும் கலவுங்கோ" என்கிறார்கள். எதை வாங்கலாம்? தரை உறைந்ததால் செத்துப் பிறந்த குட்டிகளைக்கூடப் புதைக்க முடியாமல் கொட்டிலுக்குப் பின்னால் போட்டிருக்கிறேன். பனி உருகினதும் பார்க்கலாம் என்று இருக்கிறேன். காவலுக்கு ஒரு பிரெனீஸ் நாய் உண்டு.

பதில்: தம்பி, உங்கள் எம்பி-550 இல் ஒரு பிழையும் இல்லை. தாடை விரிவு ஐந்தேகால் அங்குலம். ஒன்ராறியோக் கயோட்டி மேற்கே உள்ளதைவிடப் பெருத்தது, ஓநாய் இரத்தம் கலந்தது. அதற்கும் இந்த அளவு போதும். அடி தட்டுக்கு மேலேயே விழுந்திருக்கிறது என்றால் இடம் பார்த்ததும் சரி, மனித வாசம் மறைத்ததும் சரி. மேலே கிடந்த ஒரு அங்குல மண்தான் கெடுத்தது. அது உறைந்துவிட்டால் ஓநாய்க்கு வைக்கும் பொறியும் அடிக்காது.

நாலாம் நம்பரைக் காட்டினவர் அலமாரியில் தூங்குகிற சரக்கை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார். வாங்காதீர்கள். இருக்கிற பொறி இரண்டு சுருள் வில் உள்ளது என்றால் நாலு சுருளாக மாற்றுங்கள். அந்த வில் தனியாகக் கிடைக்கும், புதுப் பொறி விலையில் சிறு பங்குதான் ஆகும். குளிரில் தாடை மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரவேண்டும், அதற்கு அந்தப் பலம் தேவை. பலம் கூடினால் காலுக்குக் காயமும் கூடும் என்பதால் தாடை விளிம்பு தடித்து, மூடினாலும் நடுவில் இடைவெளி விடுகிற மாதிரியைப் பாருங்கள். சங்கிலி பொறியின் அடி நடுவில் கட்டப்பட்டு, இரண்டு மூன்று இடத்திலாவது சுழலவேண்டும். றப்பர் தாடை வைத்த விக்டர் மூன்றாம் நம்பர் நல்ல நிலையில் கிடைத்தால் அதையும் எடுக்கலாம்.

எதை வாங்கினாலும் முதலில் சான்றுப் பட்டியலைப் பாருங்கள். கனடா 1997 இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்துகொண்ட மனிதாபிமானப் பொறி உடன்படிக்கையில் கயோட்டியும் அடக்கம். சோதித்துச் சான்று கொடுத்த மாதிரிகளைக் கனடா ஃபர் இன்ஸ்டிடியூட் பட்டியலிட்டு வெளியிடுகிறது. பழைய சாமான் சந்தையில் பல்லு வைத்த இரும்புத் தாடைகள் மலிவாகக் கிடக்கும். அவற்றைத் தொடவே வேண்டாம்.

இனி மண். இதில் நான் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறிக்குக் காசைக் கொட்டிவிட்டு, அதை மூட அந்த இடத்தில் வெட்டிய ஈர மண்ணையே திரும்பப் போடுகிற ஆட்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

மண் தானாக உறையாது. அதிலுள்ள ஈரம் உறைந்துதான் மணிகளை ஒட்டவைக்கிறது. ஈரமே இல்லாத மண் மைனஸ் இருபத்தைந்திலும் உதிரியாகவே கிடக்கும். ஆனால் அப்படிப்பட்ட மண்ணை ஜனவரியில் தேட முடியாது. ஓகஸ்ட், செப்டெம்பரில் உழுத நிலத்தின் மேல்மண்ணை அள்ளி, கால் அங்குலக் கண் வலையில் அரித்து, கறுப்புத் தார்ப்பாலில் மெல்லப் பரப்பி, நல்ல வெயிலில் கிளறிக் கிளறிக் காயவைக்கவேண்டும். ஒரு பிடி எடுத்து இறுகப் பொத்திக் கையைத் திறந்தால் உருண்டை பிடிக்காமல் விரலிடுக்கால் ஓடி, தூசி எழும்பவேண்டும். அந்தப் பதம் வந்ததும் மூடியுள்ள வாளியில் போட்டுச் சூடில்லாத கொட்டிலில் வையுங்கள். வீட்டுக்குள் வைத்த சூடான மண்ணைக் கொண்டுபோய்ப் போட்டால் பக்கத்துப் பனியை உருக்கி, அந்தத் தண்ணீரிலேயே தானும் உறைந்துவிடும்.

இந்த வருஷத்துக்கு என்ன செய்வது? பழைய கொட்டிலுக்குள் மழையும் பனியும் படாத மூலையில் தூசி மண் இருக்கும், அதை அரித்து எடுங்கள். ஆட்டு மூத்திரம் ஊறாத மூலையாகப் பாருங்கள், மூத்திர உப்பு ஈரத்தை இழுக்கும். பீற் மொஸ், அதுதான் தோட்டத்துக்குப் போடுகிற உக்கிய பாசி, வாங்கினால் மூட்டையைப் பிரித்தவுடன் போடாதீர்கள். பையில் வருவது ஈரம், காயவைத்துத்தான் பாவிக்கவேண்டும். காற்றுக்குப் பறக்கும் என்பதால் மேலே ஒரு பிடி மண் தூவுங்கள்.

எல்லாவற்றிலும் சிறந்தது மெழுகு மண். காய்ந்த மண்ணோடு பரஃபின் மெழுகுச் சீவலைக் கலந்து சூடேற்றினால் மெழுகு உருகி மணிகளின் மேல் படியும், பிறகு தண்ணீர் அதில் ஊறாமல் ஓடிவிடும். பகலில் மழை தூறி இரவோடு இரவாக உறைகிற ஒன்ராறியோ ஜனவரிக்கு இதைவிட வேறொன்றும் எனக்குத் தெரியாது. இதையும் வாளி கணக்கில் விற்கிறார்கள். அவசரத்துக்கு வாங்கலாம், ஆனால் அறுபது எழுபது ஏக்கர் வைத்துக்கொண்டு மண்ணைக் காசு கொடுத்து வாங்குகிற விவசாயியைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

மேலே மட்டும் காய்ந்த மண் போட்டாலும் போதாது. குழியைப் பொறியைவிட அகலமாக வெட்டி, அடியில் மெழுகுத்தாள் விரித்து, ஒரு அங்குலம் காய்ந்த மண் போட்டு, அதில் பொறியை ஆடாமல் இருத்தி, சுற்றிலும் அதே மண்ணை நிரப்புங்கள். இல்லையென்றால் கீழிருந்து ஏறுகிற ஈரம் பொறியைத் தரையோடு ஒட்டிவிடும். தட்டுக்கு அடியில் மண் புகாமல் கொஞ்சம் செயற்கைப் பஞ்சு வையுங்கள். வேலியோரப் பள்ளத்தில்தான் பனி குவியும், ஆகையால் காற்று பனியைத் துடைத்துப் போகிற மேட்டுக்கோ ஊசியிலை மரத்தடிக்கோ பொறியை மாற்றுங்கள். ஒரு அடி பனி கொட்டிப் பொருக்குக் கட்டிவிட்டால் எந்த மண்ணாலும் பயனில்லை, பொறியை எடுத்துவிடுங்கள்.

உப்பு வேண்டாம். சாதாரண உப்பு மைனஸ் பத்தைத் தாண்டினால் பேருக்குத்தான் வேலை செய்யும். பகலில் சேறாகி, இரவில் குளிர் கூடினதும் முன்னையிலும் மோசமாக உறையும். பொறியில் துருவும் ஏற்றும். போதாக்குறைக்கு உப்பை நக்க மான் வந்து நிற்கும். தண்ணீர் உறையாமலிருக்கக் காருக்கு ஊற்றுகிற எதிலீன் கிளைக்கோலை யாராவது சொன்னால் அந்த ஆளோடு பேச்சை நிறுத்துங்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் சாகும். கயோட்டியை இழுக்கக் கடையில் விற்கிற வாசனைப் போத்தலும் வேண்டாம்: பிப்ரவரி கயோட்டி சோடி சேருகிற மாதம், தன் எல்லைக்குள் இன்னொன்றின் மூத்திரம் மணத்தால் தானாக வந்து பார்க்கும். "இரகசியக் கலவை" ஒன்றும் தேவையில்லை.

சரி, இப்போது நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். கொட்டிலுக்குப் பின்னால் போட்டிருக்கிறீர்களே, அது கயோட்டிக்கு நீங்கள் போடுகிற சாப்பாடு. ஒன்ராறியோ விதிப்படி செத்த கால்நடையை 48 மணி நேரத்துக்குள் முறையாக அப்புறப்படுத்தவேண்டும், வசந்தம் வரை வைத்திருக்க முடியாது. செத்த கால்நடை சேகரிக்கும் வண்டியைக் கூப்பிடுங்கள். அல்லது இரண்டு அடி மரத்தூள் பரப்பி, அதன்மேல் உடலை வைத்து, மேலேயும் இரண்டு அடி மூடுங்கள். வெளியே உறைந்தாலும் உள்ளே சூடேறி உக்கும். நச்சுக்கொடியும் அதற்குள்தான் போகவேண்டும். அந்தக் குவியல் திறந்து கிடக்கிற வரைக்கும் ஒரு கயோட்டியைப் பிடித்தால் அடுத்தது வரும்.

அப்புறம், நாலு குட்டியையும் அது உயிரோடுதான் பிடித்ததா? கலிஃபோர்னியாவில் ஹொப்லண்ட் ஆராய்ச்சி நிலையத்தில் செம்மறிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், கொன்றவை பெரும்பாலும் எல்லை பிடித்து வாழ்கிற சோடிகள் என்று கண்டார்கள். பிணம் தின்ன வருவதெல்லாம் ஆட்டைக் கொல்வதில்லை. அடுத்தமுறை உடல் கிடைத்தால் கழுத்துத் தோலை உரித்துப் பார்க்கவேண்டும். தொண்டையில், தாடைக்குச் சற்றுக் கீழே பல் துளைகள் இருந்து, தோலுக்கடியில் இரத்தம் கட்டிக் கறுத்திருந்தால் உயிரோடு கடித்தது. இரத்தக் கட்டு இல்லையென்றால் செத்ததைத் தின்றிருக்கிறது. பின்தொடை, விலா, காது என்று கண்டபடி குதறியிருந்தால் பக்கத்துக் காணி நாய்களையும் விசாரியுங்கள். இழப்பீடு கேட்பதானால் நீங்கள் உரிக்கவேண்டாம். படம் எடுத்து, தார்ப்பாலால் மூடி, கண்ட நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் நகரசபைக்கு அறிவியுங்கள். அவர்கள் அனுப்புகிற விசாரணையாளர் பார்க்கட்டும்.

லின்ட்சேக்கு வடக்கே என்கிறீர்கள். கவார்த்தா ஹைலண்ட்ஸ் பூங்காவிலும் அதைச் சுற்றியுள்ள டவுன்ஷிப்களிலும் 2016 இலிருந்து ஓநாய், கயோட்டி இரண்டுக்குமே வேட்டையும் பொறியும் தடை. அழியும் ஆபத்திலுள்ள அல்கொங்குவின் ஓநாயையும் கயோட்டியையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதால் அப்படி வைத்தார்கள். தன் கால்நடையைக் காக்க விவசாயிக்குச் சட்டத்தில் இடமுண்டு, நிபந்தனைகளும் உண்டு. காணியின் இடத்தைச் சொல்லி இயற்கை வள அமைச்சைக் கேட்காமல் ஒரு பொறியும் வைக்காதீர்கள். வைத்தால் தினமும் விடிந்த உடனே போய்ப் பார்க்கவேண்டும். மைனஸ் இருபதில் மாட்டிய கால் சீக்கிரம் விறைத்துச் செத்துவிடும்.

நாயைப் பற்றி ஒரே வரியில் விட்டுவிட்டீர்கள். பிரெனீஸ் நாற்பது நாற்பத்தைந்து கிலோ இருக்கும். கயோட்டி மூத்திரம் எங்கே மணக்கிறதோ அங்கே அதுதான் முதலில் போய் நிற்கும், தட்டை எவ்வளவு இறுக்கினாலும் அதன் கால் மாட்டும். நாய் திரிகிற வேலிக்குள் பொறி வைக்கக்கூடாது. நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் பொறியை நம்புவது அதைவிட மோசம். இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்க முடியும் என்றால் நான் நாயைத்தான் வைத்திருப்பேன், முடிந்தால் இன்னொன்றும் சேர்ப்பேன். ஒற்றை நாயை ஒரு கயோட்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போக, மற்றது மறுபக்கத்தால் பட்டிக்குள் வரும். குட்டி போடுகிற மறிகளை இரவில் கொட்டிலுக்குள் அடையுங்கள், குட்டிகள் நன்றாக ஓடித் திரியும் வரைக்கும் வெளியே விடாதீர்கள்.