அருங்காட்சியகம் கேட்கிறது, வீட்டுப் பொருளைக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் பகுதி அருங்காட்சியகத்தைப் பெரிதாக்குகிறார்கள். புதுக் கூடங்கள் கட்டி முடியும் நிலையில் இருக்கின்றன. திறப்பை ஒட்டி இந்த வட்டாரக் கலைகளைப் பற்றி ஒரு கண்காட்சி வரப்போகிறதாம். அதற்காகப் பழைய குடும்பங்களைத் தேடி வந்து பொருள் கேட்கிறார்கள். எங்களிடம் கொள்ளுத்தாத்தா காலத்து நவநீத கிருஷ்ணர் தஞ்சாவூர்ப் படம் ஒன்று, ஒரு கட்டு ஏட்டுச்சுவடி, வயலில் உழும்போது கிடைத்ததாகச் சொல்லும் சில காசுகள், பழைய போட்டோ ஆல்பம் எல்லாம் இருக்கின்றன. கொடுத்தால் பத்திரமாகத் திரும்பி வருமா? எதையாவது பதிவு செய்ய வேண்டுமா? அமெரிக்காவில் இருக்கும் தம்பி, படம் தனக்கு வேண்டும் என்கிறான். அம்மாவுக்கோ அது பூஜை அறையை விட்டுப் போவதே பிடிக்கவில்லை.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம் பக்கம்)

பதில்:

கொடுக்கலாம். ஆனால் இப்போதைக்கு இரவலாக மட்டும். அதுவும், பொருள் என்றைக்குத் திரும்ப வரவேண்டும் என்று தேதி போட்ட ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு. நன்கொடையாகத் தருவதா என்பதைக் கண்காட்சி முடிந்து பொருள் வீடு வந்து சேர்ந்தபின் யோசித்துக்கொள்ளலாம்.

எழுத்தில் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருக்கிறது. வீடு, நிலம் என்றால் தானப் பத்திரம் பதிவாக வேண்டும். அசையும் பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-ஆவது பிரிவுப்படி, தானமாகக் கருதிப் பொருளைக் கையில் ஒப்படைத்தாலே போதும், தானம் முடிந்தது. முடிந்த தானத்தை மனம் மாறியது என்பதற்காகத் திரும்பக் கேட்கவும் முடியாது. நீங்கள் 'கண்காட்சிக்கு' என்று நினைத்துக்கொண்டு வண்டியில் ஏற்றிவிடுவீர்கள். அங்கே பதிவேட்டில் 'அன்பளிப்பு' என்று ஒரு வரி விழுந்திருக்கும். பத்து வருஷத்தில் அதிகாரிகள் எல்லாரும் மாறியிருப்பார்கள். இரவலாகத்தான் கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பாரம் அப்போது உங்கள் தலையில்தான் விழும். இதில் யாருடைய சூழ்ச்சியும் பெரும்பாலும் இருக்காது. திறப்பு விழா தேதி நெருங்கும்போது எந்த அருங்காட்சியகத்திலும் காகித வேலை பின்தங்கும், அவ்வளவுதான்.

வந்து கேட்டவர் யார் சார்பில் கேட்டார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அது மாவட்ட அரசு அருங்காட்சியகம் என்றால் காப்பாட்சியரின், அதாவது அங்குள்ள பொருட்களுக்குப் பொறுப்பானவரின், ஆர்வம் மட்டும் போதாது. சென்னை எழும்பூரில் இருக்கும் அருங்காட்சியகத் துறைத் தலைமையின் அனுமதி எண் குறிப்பிட்ட கடிதம் வேண்டும் என்று கேளுங்கள். அறக்கட்டளை நடத்துவது என்றால் அறங்காவலர் ஒருவரின் கையெழுத்து வேண்டும். கண்காட்சி அமைப்பை ஒப்பந்தத்துக்கு எடுத்த வடிவமைப்பு நிறுவனத்து ஆள் வந்து கேட்டால், மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அவரிடம் பொருளை ஒப்படைக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் முக்கியமானது பொருளின் நிலை அறிக்கை. படத்தை எடுத்துப்போகும் முன் உங்கள் வீட்டிலேயே, உங்கள் முன்னால், முன்பக்கமும் பின்பக்கமும் புகைப்படம் எடுத்து, எங்கே விரிசல், எங்கே கல் உதிர்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். திரும்பி வரும்போது அதே தாளை வைத்துச் சரிபார்க்க வேண்டும். சேதமானால் ஈடுகட்ட ஒரு மதிப்புத் தொகை எழுதச் சொல்வார்கள். ஆசைக்குப் பெரிய தொகை எழுதாதீர்கள். காப்பீடு எடுக்கும் நிறுவனம் அதற்கு ஆதாரம் கேட்கும். அந்தக் காப்பீடும் கூடத்துக்குள் இருக்கும் நாட்களுக்கு மட்டும் இருந்தால் பயனில்லை. உங்கள் சுவரிலிருந்து இறக்கும் நிமிடம் முதல் மறுபடி அதே சுவரில் மாட்டும் வரை இருக்க வேண்டும். உடைவதும் நசுங்குவதும் அதிகமாக நடப்பது எடுத்துப்போகும் வழியில்தான். இன்னொன்று: உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் சுத்தம் செய்யவோ, வண்ணம் தொட்டுச் சரிசெய்யவோ, படத்தின் மரச்சட்டத்தை (ஃபிரேமை) மாற்றவோ கூடாது என்று ஒரு வரி சேருங்கள். இரவல் வந்த பழைய படத்துக்கு நல்லெண்ணத்தோடு புதுச் சட்டம் போட்டுத் திருப்பித் தருகிறவர்கள் உண்டு. பழைய சட்டத்தோடு அதன் பின்னால் ஒட்டியிருந்த கடைச்சீட்டும் குப்பைக்குப் போய்விடும். படத்தின் காலத்தைச் சொல்ல சில சமயம் அந்த ஒரு சீட்டுதான் சாட்சி.

இனி படத்துக்கு வருகிறேன். பழைய தஞ்சாவூர்ப் படம் அடுக்கடுக்காகச் செய்தது. பலாப்பலகை, அதன் மேல் ஒட்டிய துணி, துணி மேல் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) மாவும் பசையும் குழைத்த பூச்சு. நகையும் தூணும் வரும் இடங்களில் அதே மாவை மேடாக எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டியிருப்பார்கள். பலகை ஈரக்காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும். மேலே இருக்கும் பூச்சு அதற்கு ஈடு கொடுக்காது. அதனால்தான் இப்படங்களில் ரேக்கு உரிவதற்கு முன்பே அடியில் இருக்கும் மாவு பலகையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைப் படத்தின் விளிம்பில் பக்கவாட்டாகப் பிடித்துப் பாருங்கள். கிளம்பிய இடங்கள் சின்னச் சின்னக் கூடாரம் மாதிரி நிழல் காட்டும். கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். பல படங்களில் கண்ணாடி பூச்சோடு ஒட்டிக் கிடக்கும், இழுத்தால் கிருஷ்ணர் முகம் அதோடு வந்துவிடும். பிறகு படத்தைத் திருப்பாமல் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, பின்பலகையில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருக்கின்றனவா, கீழே மாவு போன்ற தூள் புதிதாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தூள் புதிது என்றால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. அப்படிப்பட்ட படத்தை இப்போது எங்கேயும் அனுப்பாதீர்கள். அங்கே உள்ள மற்ற மரப் பொருட்களுக்கும் தொற்றும். டார்ச்சில் நிறையக் கூடாரங்கள் தெரிந்தாலும் இதே பதில்தான்: படம் பயணம் தாங்காது, அசல் அளவில் நல்ல புகைப்படம் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

படம் நல்ல நிலையில் இருந்தால், அடுத்துக் கட்டடத்தைப் பற்றிக் கேளுங்கள். புதுக் கூடம் என்றால் எல்லாம் நன்றாக இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பழம்பொருளுக்குப் புதுக் கட்டடம்தான் ஆபத்து. கான்கிரீட்டும் பூச்சும் மாதக்கணக்கில் ஈரம் விட்டுக்கொண்டிருக்கும். புது பிளைவுட்டில் செய்து வார்னிஷ் அடித்த காட்சிப்பெட்டிக்குள் அமில வாடை தங்கும். மூடிய பெட்டியில் அது காகிதத்தையும் உலோகத்தையும் மெல்ல அரிக்கும். பெட்டியைத் திறந்து மோந்து பாருங்கள். மூக்கில் ஏறினால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். ஏசி இருக்கிறதா என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் ராத்திரியும் ஓடுமா என்று கேளுங்கள். பகலில் குளிரவைத்து மாலையில் நிறுத்தினால், பலகை தினம் ஒரு முறை சுருங்கி விரியும். அதைவிட ஏசியே இல்லாத, காற்றோட்டமுள்ள, தடித்த சுவர்க் கூடம் நூறு மடங்கு மேல். உங்கள் பூஜை அறையில் இத்தனை காலம் அது பிழைத்துக் கிடந்ததும் அப்படித்தான். திறப்பு விழாவுக்கே கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. ஒரு மழைக்காலம் போகட்டும், அடுத்த கண்காட்சிக்குத் தருகிறேன் என்று சொன்னால் விவரம் தெரிந்த காப்பாட்சியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பதிவு பற்றிக் கேட்டீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 100 ஆண்டு ஆன ஓவியமும் சிற்பமும் தொல்பொருள். இலக்கிய, வரலாற்று, அறிவியல் மதிப்புள்ள சுவடிக்கு 75 ஆண்டு போதும். ஓவியங்களை மத்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்வதால் பொருள் அரசுடையது ஆகிவிடாது. உரிமை உங்களிடமே இருக்கும். நிறையக் குடும்பங்கள் இந்தப் பயத்திலேயே பதிவு செய்யாமல் ஒளித்து வைத்திருக்கின்றன. உண்மையில், திருட்டுப் போனால் இது எங்களுடையது என்று காட்டப் புகைப்படத்தோடு உள்ள அந்தச் சான்றிதழைவிட நல்ல ஆதாரம் கிடையாது. பதிவான பொருள் கை மாறினால், அதாவது உரிமை மட்டுமல்ல, வசம் மாறினாலும், அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 17-ஆவது பிரிவு சொல்கிறது. எனவே இரவலுக்கும் ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.

தம்பிக்கான பதிலும் இதே சட்டத்தில் இருக்கிறது. 100 ஆண்டு தாண்டிய படத்தைத் தனியாள் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. குடும்பச் சொத்து, சாமி படம், விற்க அல்ல, வீட்டில் மாட்டத்தான் என்று எது சொன்னாலும் விமான நிலையத்தில் எடுபடாது. ஏற்றுமதிக்குத் தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. படம் 100 ஆண்டுக்குக் குறைந்தது என்று நம்பினால், தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிய பிறகே பெட்டியில் வைக்கலாம். கொள்ளுத்தாத்தா படம் என்கிறீர்கள். அது 100 ஆண்டுக்குக் குறைந்ததாக இருக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனாலும் இரவல் ஒப்பந்தத்தில் தம்பியின் சம்மதம் வேண்டும். கொள்ளுத்தாத்தா சொத்தில் வாரிசுகள் எல்லாருக்கும் பங்கு இருக்கும்போது நீங்கள் ஒருவர் மட்டும் கையெழுத்திடுவது நாளைக்குத் தகராறு. மின்னஞ்சலில் ஒரு வரி வாங்கி ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.

ஏட்டுச்சுவடியை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கண்ணாடிப் பெட்டியில் ஓர் ஏடு மட்டும் விரித்து வைப்பார்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கப் போவதில்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே தஞ்சையில் சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது, தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதலில் கொண்டுபோய் அது மருத்துவமா, சோதிடமா, பாட்டா, கணக்கா என்று படித்துச் சொல்லச் சொல்லுங்கள், மின்படி (டிஜிட்டல் நகல்) எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நீங்களாக எண்ணெய் தடவாதீர்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவது பழைய வழக்கம்தான், ஆனால் எந்த ஏட்டுக்கு, எவ்வளவு என்று தெரிந்த கைதான் அதைச் செய்ய வேண்டும். அதன் பிறகும் கண்காட்சிக்குக் கேட்டால், ஓரிரு ஏடுகளை மட்டும், வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகாது என்ற நிபந்தனையோடு, சில வாரங்களுக்குக் கொடுங்கள்.

காசுகள் விஷயம் வேறு மாதிரி. மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதையும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் கணக்கு 1878-இல் போட்டது, மாறவே இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற செப்புத் திருமேனிகளில் பல இப்படிப் புதையலாக வந்து சேர்ந்தவைதான். எப்போது, யார் வயலில் கிடைத்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, தாசில்தார் அலுவலகம் வழியாக ஆட்சியருக்கு ஒரு மனு கொடுங்கள். அதற்கு முன் காட்சிப்பெட்டியில் உங்கள் பெயர் போட்டு வைத்தால், பத்திரிகைக்காரர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடியாமல் போகும். காசைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து போய்விடும்.

போட்டோ ஆல்பத்தின் அசலைக் கொடுக்கவே தேவையில்லை. அவர்களே வீட்டுக்கு வந்து ஸ்கேன் எடுத்துப் போகட்டும். ஒவ்வொரு படத்திலும் யார், எந்த ஊர், எந்த விசேஷம் என்று அம்மா உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதிக் கொடுங்கள். பெயர் இல்லாத பழைய போட்டோவை வைத்து எந்தக் காப்பாட்சியரும் எதுவும் செய்ய முடியாது.

அம்மாவின் கவலையை ஒப்பந்தத்திலேயே தீர்க்கலாம். இரவல் காலத்தை மூன்று மாதம் என்று வைத்து, கிருஷ்ண ஜெயந்திக்கு இரண்டு வாரம் முன்பே படம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், கண்காட்சியை நீட்டித்தாலும் இந்தத் தேதி மாறாது என்று எழுதுங்கள். கூடத்தில் படத்துக்கு முன்னால் யாரும் விளக்கேற்றவோ கற்பூரம் காட்டவோ அனுமதிக்கக் கூடாது என்றும் சேருங்கள். தஞ்சாவூர் வட்டாரத்தில் சாமி படத்தைப் பார்த்தால் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடும், காவலாளிக்கும் அப்படித்தான்.