மாடு மேயும் நிலம் கணக்கில் தரிசு: கொள்கை வரைவுக்கு என்ன ஆதாரம் அனுப்புவது?

கேள்வி: பெங்களூரு ஆனேக்கல் தாலுகாவில் குடியிருக்கிறோம். ஊர் ஏரியை ஒட்டிய 14 ஏக்கரில் இன்றும் மாடுகள் மேய்கின்றன. அரசுக் கணக்கிலோ அது தரிசு. தேசிய நிலப் பயன்பாட்டுக் கொள்கைக்குக் கருத்துக் கேட்டால் எங்கள் சங்கம் என்ன அனுப்ப வேண்டும்? கையெழுத்து வாங்கி மனு கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. ஐந்நூறு பேர் கையெழுத்திட்டாலும் ஒரே மனு ஒரே கருத்தாகத்தான் தொகுக்கப்படும். சர்வே நம்பரோடு பிழையைச் சுட்டிக்காட்டினால் அதைச் சரிபார்த்துப் பதில் எழுத வேண்டியிருக்கும். அதற்கு முதலில், அந்தப் பிழை எங்கே நுழைகிறது என்று தெரிய வேண்டும்.

நாட்டின் நிலக் கணக்கு கிராமப் பதிவேட்டில் தொடங்குகிறது. உங்கள் ஊர் பஹணியில் (நில உரிமையும் பயிரும் பதியும் கர்நாடக ஏடு) எழுதப்படுவது தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று கூட்டப்பட்டு, மத்திய வேளாண் அமைச்சகத்தின் ஒன்பது வகைப் பட்டியலில் போய்ச் சேர்கிறது. நாட்டின் பரப்பு 32.87 கோடி ஹெக்டேர்; அந்தப் பட்டியலுக்குள் வருவது சுமார் 30.7 கோடிதான். பட்டியலில் நிரந்தர மேய்ச்சல் நிலம் தனி வகை. தரிசுக்கு மட்டும் பல வகைகள். ஓராண்டு பயிர் இல்லையென்றால் நடப்புத் தரிசு, ஒன்று முதல் ஐந்தாண்டு வரை இதர தரிசு, அதற்கும் மேல் போனால் பயிரிடத்தக்க தரிசு. சர்ஜாபுரா, அத்திபெலே பக்கம் மனைக்காக வாங்கிச் சும்மா போட்ட வயல்கள் இப்படித்தான் வகை மாறுகின்றன. மேய்ச்சல் நிலத்தை இந்த வரிசையில் எழுதிவிட்டால், மேலே இருந்து பார்ப்பவருக்கு அது யாருக்கும் பயன்படாத நிலமாகத் தெரியும். தொழிற்பேட்டைக்கு இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவதும் அதுதான். இது எழுத்துப் பிழை என்று விட்டுவிடக்கூடிய விஷயமல்ல.

செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். ஐதராபாத்தில் உள்ள தேசிய தொலையுணர்வு மையம் ஆண்டுதோறும் தயாரிக்கும் நாடு தழுவிய வரைபடத்துக்குப் பயன்பட்ட படங்களில் ஒரு கட்டம் 56 மீட்டர், அதாவது சுமார் 31 குண்டே (40 குண்டே ஒரு ஏக்கர்). உங்கள் 14 ஏக்கர் அதில் 18 கட்டம்தான். மேலும், படத்தில் தெரிவது புல்லும் புதரும். அங்கே மாடு மேய்கிறதா என்று வானத்திலிருந்து தெரியாது. வன அளவைத் துறையின் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் 10 சதவீத மரநிழல் இருந்தால், மாந்தோப்பும் வனப்பரப்பாகவே எண்ணப்படும்.

ஆகவே, பயன்பாட்டை நிரூபிக்கும் சான்றுதான் உங்களுக்குத் தேவை. நிற்கும் இடத்தின் சர்வே நம்பரைக் காட்டும் கர்நாடக அரசின் திஷாங்க் செயலியைத் திறந்து நிலத்தில் நின்றபடியே சர்வே நம்பரை உறுதி செய்யுங்கள். உட்பிரிவு எண் விடுபட்டால் மனு வேறு நிலத்தைப் பற்றியதாகிவிடும். பிறகு கர்நாடக அரசின் நிலப் பதிவேட்டு இணையதளமான பூமியில் கிடைக்கும் பழைய பஹணிகளை ஆண்டுவாரியாக எடுங்கள்; கையால் எழுதிய பழைய ஏடுகளுக்குத் தாலுகா அலுவலகத்தில் நகல் கேளுங்கள். எந்த ஆண்டில் ‘கோமாளா’ (ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம்) என்ற சொல் மறைந்தது என்பதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது மாட்டுக் கணக்கு. பலரும் கோட்டை விடும் இடம் இது. கர்நாடக நில வருவாய் விதிகளில் 97-ஆவது விதி, 100 கால்நடைக்கு 12 ஹெக்டேர் மேய்ச்சல் நிலம் ஒதுக்கச் சொல்கிறது. 14 ஏக்கர் என்பது 5.67 ஹெக்டேர். ஊரில் வேறு கோமாளா இல்லையென்றால், அதைக் காக்க 48 கால்நடையாவது கணக்கில் இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் ‘உபரி நிலம்’ என்ற வாதம் வரும். வாய்மொழியாகச் சொன்னால் எடுபடாது. காதில் உள்ள 12 இலக்க வில்லை எண்கள், கால்நடை மருத்துவமனையின் தடுப்பூசிப் பதிவு, பால் கூட்டுறவுச் சங்க ஏடு ஆகியவற்றை இணையுங்கள்.

புகைப்படங்களை இரண்டு பருவத்தில் எடுங்கள்: மழை முடிந்த நவம்பரில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. தேதியும் இட ஆயத்தொலைவும் படத்திலேயே பதிந்திருக்க வேண்டும். கோடையில் மட்டும் எடுத்தால் ஏரிப்படுகையும் தரிசாகத்தான் தெரியும். உங்கள் சான்றே உங்களுக்கு எதிராகிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே பக்க அட்டவணையாக்குங்கள்: சர்வே நம்பர், பரப்பு, பதிவில் உள்ள வகை, உண்மைப் பயன்பாடு, சான்றின் எண், வரைவில் இதைப் பாதிக்கும் பத்தி எண். பரப்பை ஏக்கர்-குண்டேயிலும் ஹெக்டேரிலும் எழுதுங்கள். கோரிக்கை ஒரே வாக்கியமாக இருக்கட்டும்: ‘இந்நிலத்தை நிரந்தர மேய்ச்சல் நிலம் என்ற வகையில் சேர்க்க வேண்டும்.’

நிலம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். 2013-இல் மத்திய நிலவளத் துறை வெளியிட்ட தேசிய நிலப் பயன்பாட்டுக் கொள்கை வரைவும் மாநிலங்களுக்கான வழிகாட்டிதான். எனவே டெல்லிக்கு அனுப்பும் அதே கோப்பின் நகலைத் தாசில்தாருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுத்து, இரண்டு இடத்திலும் ஒப்புகை முத்திரை வாங்குங்கள். பஹணியைத் திருத்தும் அதிகாரம் இங்கேதான் இருக்கிறது. மத்திய அரசின் 2014 நடைமுறைப்படி சட்ட வரைவுகளுக்கே குறைந்தபட்ச அவகாசம் 30 நாள்தான். பழைய ஏட்டு நகல் கைக்கு வரவே அதற்கு மேல் ஆகலாம். வரைவுக்குக் காத்திராமல் நகலுக்கான விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.