நேற்று இலையோடு பறந்த யானை, இன்று இலையில்லாமல் பறக்கலாமா?

கேள்வி: நான்கு வயது மகனுக்கு இரவில் பறக்கும் யானைக்குட்டி கதையை நானே கட்டிச் சொல்கிறேன். நேற்றுச் சொன்னது இன்று மாறிவிட்டால் "அப்படி இல்லை" என்று அழுகிறான். "குழந்தைக் கதைக்கு எதற்குக் கணக்கு வழக்கு?" என்கிறார் மாமியார். பணம் கட்டினால் இதைப் புத்தகமாக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். முரண்களைத் திருத்த வேண்டுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: திருத்தத்தான் வேண்டும். யானை எப்படிப் பறக்கும் என்று உங்கள் மகன் கேட்கவில்லை, கவனித்தீர்களா? நேற்று வாழையிலையைக் காதில் கட்டிக்கொண்டு பறந்த யானை இன்று இலையே இல்லாமல் பறந்தால்தான் அவன் அழுவான். மாயத்தை அவன் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டான். அதற்கு நீங்கள் வைத்த விதியை நீங்களே மீறுவதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. இலை கிழிந்தால் யானை விழுந்துவிடுமே என்று போர்வைக்குள் நெஞ்சு படபடக்கக் கிடப்பவனுக்கு, இலை தேவையே இல்லை என்றால் பிறகு கதையில் என்ன மிச்சம்?

எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் மகளும் இப்படித்தான். தூங்கவைக்கச் சொல்லும் கதையில் ஒரு சொல் மாறினாலும் விழித்துக்கொண்டு, விட்டுப்போனதை எடுத்துக்கொடுப்பாளாம். 'சொன்னது சொன்னபடி' என்ற அந்தப் பிடிவாதமே 1902-இல் வந்த அவருடைய 'ஜஸ்ட் சோ ஸ்டோரீஸ்' தொகுப்புக்குப் பெயரானது.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். பெயர்கள், அண்ணன் தம்பி எத்தனை பேர், மாயத்தின் விதி, யார் எதைத் தொலைத்தார்கள் ஆகியவற்றை மட்டும் குறித்தால் போதும். அன்று மழையா வெயிலா, யானை தின்றது கரும்பா தென்னையோலையா என்பதெல்லாம் மாறினால் மாறட்டும். மறந்துவிட்டால் அவனிடமே கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்வான். "சும்மா இரு, கதைதானே" என்று மட்டும் அடக்கிவிடாதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு. பாட்டி வடை சுட்ட கதையில் காகம் வாயைத் திறந்து வடையை நழுவவிடும். வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு பாடி நரியை ஏமாற்றும் காகமும் நம் வீடுகளில் உண்டு. இது முரண் அல்ல, இரண்டாவது கதை. ஆனால் "இது வேறொரு காகம், இதற்கு முதல் காகம் ஏமாந்தது தெரியும்" என்று தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் குழந்தை ஆவலோடு உட்காரும். சொல்லாமல் பாதியில் மாற்றினால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கும். "இன்று யானை கடலுக்குள் போகட்டும்" என்று அவனே கேட்டாலும் அப்படித்தான். அனுமதி அவனிடமிருந்து வந்துவிட்டது, தாராளமாக மாற்றுங்கள்.

இனி அந்தப் புத்தக ஆசாமி. பணம் கட்டுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கதையை யார் எடிட் செய்வார்கள்?" "நீங்கள் கொடுப்பதை அப்படியே போட்டுவிடுவோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இப்படி அச்சான புத்தகங்கள் பல என் கைக்கு வந்திருக்கின்றன. எழுத்தில் ஐந்து வாத்துக் குஞ்சுகள், படத்தில் நான்கு. வரைந்தவர் கதையைப் படிக்கவில்லை, படிக்கச் சொல்லவும் ஆளில்லை. எண்ணக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தை அந்த ஐந்தாவது குஞ்சைப் பக்கம் பக்கமாகத் தேடுகிறது. அதன் கண் முன்னால் நாம் இவ்வளவு அலட்சியமாக இருக்கலாமா?

பள்ளிகளும் இதைக் கண்டுகொள்வதில்லை. நான் நடுவராகப் போன கதை சொல்லும் போட்டிகளில் மதிப்பெண் தாளில் குரல், கையசைவு, நீதி என்று கட்டங்கள் இருக்கும். கதை முன்னுக்குப் பின் பொருந்துகிறதா என்பதற்கு ஒரு கட்டம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். நடுவில் செத்த சிங்கம் கடைசியில் வந்து நீதி சொன்னாலும் பரிசு கொடுத்துவிடுகிறார்கள்.

நீங்கள் அவசரப்படாதீர்கள். கதையை முழுவதும் எழுதி முடித்து, ஒரு இரவு மகனுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவன் "அப்படி இல்லை" என்று நிறுத்தும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுவையுங்கள். அந்தக் கோடுகளைத் திருத்திய பிறகு பதிப்பாளரைத் தேடலாம்.