கதவுச் சத்தத்துக்குக் கை நடுங்குகிறது

கேள்வி: வயது 36. சிறு வயதில் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். நானும் தம்பியும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வோம். இப்போது அவர் குடிப்பதில்லை, பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிறார். ஆனால் என் கணவர் கதவை வேகமாகச் சாத்தினாலே எனக்குக் கை நடுங்குகிறது. போன வாரம், டம்ளரைக் கீழே போட்ட மகளை அடித்துவிட்டேன். “எப்பவோ நடந்ததை இன்னுமா நினைச்சிட்டு இருக்கே?” என்கிறார் அம்மா. எனக்குப் பைத்தியமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: அன்புச் சகோதரி, பைத்தியம் இல்லை. நீங்கள் எதையும் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கவும் இல்லை. நினைப்பதற்கு முன்பே கை நடுங்கிவிடுகிறதே!

கேட் திறக்கும் சத்தத்தை வைத்தே அப்பா இன்று எந்த நிலையில் வருகிறார் என்று எட்டு வயதில் கண்டுபிடித்திருப்பீர்கள், இல்லையா? மூளையில் அமிக்டலா என்று பாதாம் பருப்பளவு பகுதி ஒன்று உண்டு. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. பயந்தே வளர்ந்த பிள்ளைக்கு அது சின்னச் சத்தத்துக்கும் மணியடிக்கப் பழகிவிடும். அன்று உங்களைக் கட்டிலுக்கு அடியில் கொண்டு சேர்த்ததும் அதுதான். வீடு மாறிவிட்டது அதற்கு இன்னும் தெரியவில்லை.

அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதுத் துயரங்கள் கூடக்கூடப் பெரியவர்களான பின் மனச்சோர்வும் இதய நோயும்கூட அதிகம் தெரிந்தன. தாய் அடிபடுவதும் அந்தத் துயரங்களில் ஒன்றாகவே எண்ணப்பட்டது. ‘உன்னையா அடிச்சாங்க?’ என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்காக உங்களுக்கும் அந்த நோய்கள் வரும் என்று அர்த்தமில்லை.

அப்பாவை மன்னித்தால்தான் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் பேத்தியைக் கொஞ்சும்போது உங்களுக்குள் ஒரு எரிச்சல் வருகிறதா? வந்தால் அது பாவமில்லை. உங்களுக்குக் கிடைக்காத அப்பா அவளுக்குக் கிடைத்திருக்கிறார்.

சரி, எங்கே போவது? முதலில் 14416க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போது வந்தாலும் உடனே அழையுங்கள். அப்புறம் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுப் பாருங்கள். நோய்க்குப் பெயர் வைப்பது அவர்கள் வேலை, கடிதத்தைப் பார்த்து நான் சொல்லக் கூடாது. உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே சொல்கிறது. அதிர்ச்சிக்கென்றே பேச்சு சிகிச்சை உண்டு. கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையும் உண்டு. இவற்றில் பயிற்சி உண்டா என்று ஆலோசகரிடம் நேராகவே கேளுங்கள். “மறந்துடும்மா” என்பதோடு அனுப்பினால் வேறொருவரிடம் போங்கள்.

மகளிடம் இன்றைக்கே, “அம்மா அடிச்சது தப்பு, டம்ளர் போனா போகுது” என்று சொல்லிவிடுங்கள். உங்களிடம் அப்படி யாரும் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

கணவரிடம் கட்டிலுக்கடிக் கதையைச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லிவிட்டு, கதவு நிலையில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.